பீப்பாய்க்கு வெளியே பேசிய வாசகரின் மனு

அனுப்புநர்:
ரோஸ்விதா கெட்டன்ஹோஃபன்,
வாசகர் (தற்போது பணியிலிருந்து நிறுத்தப்பட்டவர்),
புனித லம்பெர்ட் பங்கு,
ஆலைத் தெரு, நீடர்ஹோல்பாக், ஐஃபல்.

பெறுநர்:
மேதகு ஆயர் அவர்கள்,
ஆயர் இல்லம்.

பொருள்: பங்குத்தந்தையின் செயலைப் பங்குக் கூட்டத்தில் வெளிப்படையாகக் குறைகூறியதற்காக வாசகர் பணியிலிருந்து நீக்கப்பட்டமை – ஒரு கத்தோலிக்கர் தம் திருச்சபையையும் அதன் குருக்களையும் குறைகூறலாமா என்பதற்குத் தெளிவு வேண்டியும், நீக்கல் உத்தரவை விலக்கக் கோரியும்.

பெருமதிப்பிற்குரிய ஆயர் அவர்களுக்கு,

வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

1. நான் மேற்படி பங்கில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஞாயிறு திருப்பலியில் விவிலிய வாசகம் வாசித்து வந்தவள். பிழைப்புக்கு ஊரில் ஒரு சலூன் நடத்துகிறேன். நான் கலகக்காரி அல்ல. என் குரல் கொஞ்சம் பெரியது. வாசகத்துக்கு அது உதவியிருக்கிறது; மற்ற இடங்களில் என்னை வம்பில் மாட்டிவிட்டிருக்கிறது. இந்த மனு அப்படியொரு வம்பைப் பற்றியது.

2. மேதகு ஆயர் அவர்கள் வடக்கே கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆகவே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் பங்கு மண்டபத்தில் கார்னிவல் கூட்டம் நடக்கும். மேடையில் பாதியாக அறுத்த பெரிய மரப்பீப்பாய் ஒன்று வைத்திருப்பார்கள். கோமாளிக் குல்லாய் போட்டுக்கொண்டு அதற்குள் ஏறி நிற்பவர் யாரை வேண்டுமானாலும் எதுகை மோனையோடு கிண்டல் செய்யலாம். ஊர்த்தலைவரும் தப்ப மாட்டார், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பங்குத்தந்தையும் தப்ப மாட்டார். ஒவ்வொரு கிண்டல் முடிந்ததும் வாத்தியக் குழு ஒருமுறை முழங்கும். பீப்பாய்க்குள்ளிருந்து சொன்னதற்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது எழுதாத சட்டம். கோபித்துக்கொண்டவரை அடுத்த ஆண்டு கார்னிவல் வரைக்கும் ஊர் ஓட்டி எடுத்துவிடும்.

3. நான் பல ஆண்டுகளாக அந்தப் பீப்பாயில் 'பங்குத்தந்தையின் சமையல்காரி' வேடத்தில் பேசி வருகிறேன். (எங்கள் பங்குத்தந்தை அருள்தந்தை கெரியோன் லெண்டர்ஸ் அவர்களுக்கு உண்மையில் சமையல்காரி யாரும் கிடையாது.) இந்த ஆண்டு நான் எடுத்துக்கொண்ட விஷயம் தொலைபேசி. பதினோரு ஊர்களுக்கு அவர் ஒருவரே பங்குத்தந்தை ஆனதிலிருந்து எல்லா அழைப்புகளும் நகரத்தில் உள்ள பொது அலுவலகத்துக்குப் போகின்றன. அங்கே பெரும்பாலும், குறிப்பாக வெள்ளி மாலையிலிருந்து செவ்வாய் காலை வரை, ஓர் இயந்திரம்தான் பேசும். தந்தையின் கைபேசி எண்ணை அலுவலகம் யாருக்கும் தருவதில்லை என்பது ஏற்பாடு. நான் பீப்பாயில் சொன்னதை மேதகு ஆயர் அவர்களின் பார்வைக்கு அப்படியே தருகிறேன்: "ஞானஸ்நானமா, ஒண்ணை அமுக்கு. கல்யாணமா, ரெண்டை அமுக்கு. சாகக் கிடக்கிறியா, செவ்வாக்கிழமை காலையில கூப்பிடு, அதுவரைக்கும் மூச்சை அடக்கு." மண்டபமே குலுங்கிச் சிரித்தது. அருள்தந்தை கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு எனக்கு ஒரு பியர் அனுப்பினார். வாத்தியக் குழுவில் பெரிய ஊதுகுழல் வாசிக்கும் ஹூபெர்ட் கிளேசர் சிரிப்பு அடங்காமல் முழக்கத்தைக் கோட்டைவிட்டார். அவருக்காகக் குழு இரண்டாம் முறை முழங்க வேண்டியதாயிற்று.

4. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று எல்லோரும் அதே தந்தையின் கையால் சாம்பல் வாங்கிக்கொண்டு, மீன் சாப்பிட்டுவிட்டு, அடங்கிப்போனோம். அடுத்த வாரமே ஹூபெர்ட் கிளேசர் படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்றார். கேட்டது ஒன்றே ஒன்று, சாகுமுன் பங்குத்தந்தை வந்து எண்ணெய் பூசி நோயில்பூசுதல் தர வேண்டும் என்பது. அவருடைய மகள் இர்ம்ட்ரூட் வெள்ளிக்கிழமை மாலை அழைத்தார், இயந்திரம் பேசியது. சேதி சொல்லி வைத்தார். சனிக்கிழமையும் அழைத்தார். தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு காலை ஹூபெர்ட் இறந்தார். அந்த நேரத்தில் அருள்தந்தை பக்கத்து ஊரில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தார். காரில் வந்தால் கால்மணி நேரம்கூட ஆகாது. இர்ம்ட்ரூட் விட்டுவைத்த சேதி அவர் காதுக்குச் செவ்வாய்க்கிழமைதான் எட்டியது. தெரிந்திருந்தால் பூசை உடுப்போடு ஓடி வந்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் கல்நெஞ்சக்காரர் என்று நான் எங்கும் சொன்னதில்லை, இங்கும் சொல்லவில்லை. நான் அந்த இயந்திரத்தைக் கிண்டல் செய்தேன், அவர் சிரித்தார், ஊர் கைதட்டியது. அதை மாற்ற வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

5. எங்கள் பகுதியில் இறப்பு அறிவிப்புகளில் வழக்கமாக ஒரு வரி வரும். 'திருச்சபையின் அருளடையாளங்களால் திடம் பெற்று' இறைவனடி சேர்ந்தார் என்று, அதாவது பூசுதல் பெற்றபின் இறந்தார் என்று. கிளேசர் குடும்பத்தார் அந்த வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். ஆனால் அடக்கத் திருப்பலியின் மறையுரையில் அருள்தந்தை அதைச் சொன்னார். வேண்டுமென்று அல்ல. நூற்றுக்கணக்கான அடக்கங்களில் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன வரி, தானாக வந்து விழுந்துவிட்டது. முதல் வரிசையில் இர்ம்ட்ரூட் தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் திருப்பலியில் வாசகம் வாசித்தவள் நான்தான். வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்து அந்த வரியைக் கேட்டேன்.

6. இரண்டு நாள் கழித்து, மார்ச் 8 ஞாயிறன்று, பங்கின் வருடாந்திரக் கூட்டம் அதே மண்டபத்தில் நடந்தது. கூரை ஒழுகல், ஒலிபெருக்கி, பாஸ்கா விழா என்று பேசி முடித்தபின் 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் நான் கை உயர்த்தினேன். நான் பேசியது இவ்வளவுதான், ஒரு சொல்லும் கூடவோ குறையவோ இல்லை: "ஃபாதர், ஹூபெர்ட் பூசுதல் வாங்காமத்தான் செத்தாரு. கேட்டாரு, கிடைக்கல. அடக்கத்துல நீங்க கிடைச்சதுன்னு சொன்னீங்க. அவரு மக அதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. அதை நீங்கதான் சரி பண்ணணும். அந்த போனையும் சரி பண்ணணும்." வாத்தியம் முழங்கவில்லை. அருள்தந்தையின் முகம் வெளுத்தது. அவர் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

7. பங்குப்பேரவைத் தலைவர் திரு. வெண்டெலின் ஹிர்ட்ஸ் என்னை ஓரமாக அழைத்தார். கார்னிவல் குழுவுக்கும் அவர்தான் தலைவர். ஆண்டுதோறும் என் கையைப் பிடித்துப் பீப்பாய்க்குள் ஏற்றிவிடுபவரும் அவர்தான். அவர் சொன்னது: "பீப்பாய்க்குள்ள நீ என்ன வேணா பேசு ரோஸ்விதா, நான் முதல் ஆளா கைதட்டுறேன். வெளிய நின்னு பேசினா அது திருச்சபைக்கு எதிராப் பேசறது. இந்த வித்தியாசம்கூட உனக்குத் தெரியாதா?" நான் இரண்டு இடத்திலும் அதே போனைப் பற்றித்தானே பேசினேன் என்றேன். "அன்னைக்குத் தலையில குல்லாய் இருந்துச்சுல்ல" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. ஆகவேதான் தங்களைக் கேட்கிறேன்.

8. அடுத்த வாரம், எங்கள் பகுதிக் குருக்களைக் கண்காணிக்கும் மறைவட்ட முதல்வரிடமிருந்து உத்தரவு வந்தது. பதினோரு ஊர்களிலும் கோயிலில் பணிபுரிவோர் யாரேனும் குருக்களைப் பொதுவில் குறைகூறினால் அப்பணியிலிருந்து நிறுத்தப்படுவர் என்பது அதன் சாரம். எனக்கு அதைத் தெரிவிக்கும் பொறுப்பு வெண்டெலின் தலையில் விழுந்தது. அவர் சலூனுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, முழுக்க முடி வெட்டிக்கொண்டு, கழுத்துத் துணியை நான் எடுத்தபின்தான் விஷயத்தைச் சொன்னார். அதுவரை கத்திரி என் கையில் இருந்தது காரணமாக இருக்கலாம். போகும்போது, "அவசரப்பட்டுப் பேசிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. ஈஸ்டருக்கு நீயே வாசிக்கலாம்" என்றார். நான் அவசரப்படவில்லை. அடக்கத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே அந்த ஆறு வாக்கியங்களை எத்தனை முறை சொல்லிப் பார்த்தேன் என்று என் கணவருக்குத் தெரியும். நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொன்னதைப் பற்றித்தான் என் புகார். அதற்காக நானும் நடக்காத ஒன்றைச் சொல்ல முடியாது.

9. இந்த உத்தரவு என்னை எங்கே சுடுகிறது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். என் கணவர் எவால்டுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. தெருவைப் பார்த்த முன்னறையில்தான் படுக்கை. கோடை வரை தாங்கும், அதற்கு மேல் சொல்ல முடியாது என்பது மருத்துவர் கணிப்பு. எவால்ட் கல்குவாரியில் வேலை பார்த்தவர், பேச்சில் பூச்சு கிடையாது. கூட்டத்தில் நான் பேசியதை வீட்டில் சொல்லக் கேட்டுவிட்டு, "நீ சொன்னது சரிதான். நான் போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம் சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவருக்குப் பூசுதல் வேண்டும், அதுவும் இந்த அருள்தந்தையின் கையால் வேண்டும். அவருடைய அடக்கத்தில் நான் வாசிக்க வேண்டும். நான் நீக்கப்பட்டதைச் சொன்னபோது, "அப்போ வெண்டெலினா வாசிப்பான்? நான் பெட்டியைத் திறந்துக்கிட்டு எழுந்து போயிருவேன்" என்றார். நான் சிரித்தேன். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதேன். என் கணவரை வழியனுப்பும் நாளில் வாசகம் வாசிக்கும் இடத்துக்குப் போகாமல் என்னைத் தடுப்பது நான் சொன்ன ஓர் உண்மை என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

10. இனி நான் தங்கள் முன் வைக்கும் கேள்வி. ஒரு கத்தோலிக்கர் தம் திருச்சபையைக் குறைகூறலாமா? என் சலூனில் திருச்சபையைத் திட்டாமல் யாரும் தலைமுடி வெட்டிக்கொண்டதில்லை. திட்டிவிட்டு ஞாயிறன்று அருள்தந்தையைப் பார்த்துப் புன்னகைப்பார்கள். அதை யாரும் தடுக்கவில்லை. கார்னிவலில் கிண்டல் செய்கிறோம், அதற்குக் கைதட்டும் கிடைக்கிறது. என் தங்கைகள் இருவர் அரசு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுத் திருச்சபையை விட்டே விலகிவிட்டார்கள். அவர்களை யாரும் கண்டிக்கவில்லை, அவர்களும் இப்போது ஒரு குறையும் சொல்வதில்லை. அவர்களுக்கு அருள்தந்தை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. முதுகுக்குப் பின்னால் பேசலாம், சிரித்துக்கொண்டு பேசலாம், விட்டுப் போய்விடலாம். உள்ளேயே இருந்துகொண்டு முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்வது மட்டும் குற்றம் என்றால், மேதகு ஆயர் அவர்களே, நாங்கள் எங்கே நின்று பேசுவது? நான் அந்த அருள்தந்தை வேண்டும் என்பதால்தான் அவரிடம் குறை சொன்னேன். வேண்டாதவரிடம் யார் மெனக்கெட்டுச் சண்டை போடுவார்கள்?

11. எனக்குப் படிப்பு குறைவு. ஆனால் விசுவாசிகள் திருச்சபையின் நலனைப் பற்றிய தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க உரிமை உண்டு, சில வேளைகளில் அது கடமையும் ஆகும், மரியாதை தவறாமல் செய்ய வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 212-ஆம் விதி சொல்வதாக அறிகிறேன். ஒரு திருத்தூதர் இன்னொரு திருத்தூதரை, அவர் தலைமைத் திருத்தூதர் என்றும் பாராமல், முகத்துக்கு நேராகக் கண்டித்த வாசகத்தை இதே கோயிலில் நானே வாசித்திருக்கிறேன். வாசித்து முடித்ததும் எல்லோரும் "இறைவனுக்கு நன்றி" என்றுதான் சொன்னார்கள்.

12. என் பக்கமும் ஒரு பிழை உண்டு. சகோதரரின் குறையை முதலில் தனியாகச் சென்று சொல் என்பது ஆண்டவரின் கட்டளை. நான் நேரே மண்டபத்தில் சொன்னேன். வரிசை தவறிவிட்டது. அதைச் சரிசெய்ய, இந்த மனுவில் இதுவரை எழுதியதன் நகலை எடுத்துக்கொண்டு நேற்று முன்தினம் பங்கு இல்லத்துக்குப் போனேன். இத்தனை ஆண்டு சமையல்காரி வேடம் போட்டும் அந்தச் சமையலறையை அன்றுதான் பார்த்தேன். அருள்தந்தை தனியாக ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனுவை இரண்டு முறை படித்தார். நான் கதவருகிலேயே நின்றேன். உட்காரச் சொல்லும் நினைவுகூட அவருக்கு வரவில்லை.

13. படித்துவிட்டு அவர் சொன்னதை, அவர் அனுமதியோடு எழுதுகிறேன். "அன்னைக்கு நான் சிரிச்சேன் பாருங்க, அதுதான் என்னைத் தூங்க விடமாட்டேங்குது" என்றார். பிறகு, "பதினோரு ஊர்லயும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க, இல்லன்னா எழுந்து போயிடறாங்க. என் முகத்தைப் பார்த்துக் கோபப்பட்டது நீங்க ஒருத்தர்தாம்மா" என்றார். கூட்டம் நடந்த அன்று மனம் நொந்து மறைவட்ட முதல்வரிடம் புலம்பியதாகவும், அது உத்தரவாகத் திரும்பி வரும் என்று நினைக்கவில்லை என்றும், அதை விலக்கக் கேட்டபோது ஆயரால்தான் முடியும் என்று பதில் வந்ததாகவும் சொன்னார். நான் போனதற்கு முந்தைய நாள் இர்ம்ட்ரூட் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். இர்ம்ட்ரூட் அதிகம் பேசவில்லையாம், ஆனால் காப்பி போட்டுக் கொடுத்தாராம். எங்கள் ஊரில் அது சிறிய விஷயம் அல்ல. கடைசியில் எவால்ட் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். இவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு, மனுவின் ஒன்பதாம் பத்தியை விரலால் காட்டினேன். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வரேன். நீங்க கூப்பிட வேண்டாம், நானே வரேன்" என்றார். தம் கைபேசி எண்ணையும் தந்தார்.

14. தொலைபேசி விஷயத்தில் ஒரு நல்ல சேதியும் உண்டு. அருள்தந்தைதான் முதலில் இந்த யோசனையைச் சொன்னார். பதினோரு ஊர்க்காரர்களும் முறை வைத்து, ஆளுக்கொரு வாரம், அவசர அழைப்பை எடுத்து அருள்தந்தையின் கைபேசிக்குச் சேதி சொல்வது என்று பேசியிருக்கிறோம். சலூனுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டேன். தலை ஈரமாக இருக்கும்போது யாரும் எழுந்து ஓட முடியாதல்லவா. முதலில் பெயர் கொடுத்தவர் வெண்டெலின். "எடுக்கிறேன். அடுத்த வருஷம் பீப்பாயில ஏறி என்னைத்தான் கிழிக்கப் போற, தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். வெளிப்படையாகச் சொன்ன ஒரு குறை பங்கைப் பிளக்கவில்லை, ஒரு வேலையில் கூட்டியிருக்கிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

15. ஆகவே மேதகு ஆயர் அவர்கள் பெரிய மனது கொண்டு,

(அ) உண்மையை, மரியாதையோடு, உரியவர் முன்னிலையில் சொல்லும் கத்தோலிக்கர் திருச்சபைக்கு எதிரி அல்லர் என்பதைத் தெளிவுபடுத்தி, அதைப் பதினோரு கோயில்களிலும் வாசிக்கச் செய்யுமாறும்;

(ஆ) மறைவட்ட முதல்வரின் உத்தரவை விலக்கி, என்னை வாசகர் பணியில் மீண்டும் அமர்த்துமாறும் – சலுகையாக அல்ல, எனக்குப் பின் எழுந்து பேசப்போகும் இன்னொருவருக்கும் செல்லும்படியாக;

(இ) இந்த மனுவைக் காரணம் காட்டி அருள்தந்தை கெரியோன் லெண்டர்ஸ் அவர்களை இடமாற்றம் செய்ய வேண்டாம் என்றும்

பணிவுடன் வேண்டுகிறேன். மூன்றாவது கோரிக்கையை அடிக்கோடிட்டிருக்கிறேன். அவரை மாற்றிவிட்டு வேறொருவரை அனுப்பினால் நான் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். என் கணவருக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

16. இத்தாளின் அடியில் சில வரிகள் எழுத இடம் விடும்படி அருள்தந்தை கேட்டார். விட்டிருக்கிறேன். என்ன எழுதுவார் என்று நான் கேட்கவில்லை. அவரே இதைத் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். சேர்ப்பார் என்று நம்பி ஒப்படைக்கிறேன்.

இடம்: நீடர்ஹோல்பாக்
நாள்: 21.03.2026

தங்கள் மறைமாவட்டத்தில் இருப்பவளும் இருக்கப்போகிறவளுமான,
(ஒப்பம்)
ரோஸ்விதா கெட்டன்ஹோஃபன்

பங்குத்தந்தையின் குறிப்பு:

மேதகு ஆயர் அவர்களுக்கு,

மேலே என்னைப் பற்றி எழுதப்பட்டுள்ள குறைகள் உண்மை. எனக்குச் சாதகமாக எழுதப்பட்டவை சற்று அதிகம். மனுதாரரின் முதலிரண்டு கோரிக்கைகளும் என்னுடையவையும் ஆகும். மூன்றாவதைத் தங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன், ஆனால் எனக்கும் இங்கேயே இருக்க ஆசை.

நேற்று எவால்ட் கெட்டன்ஹோஃபனுக்கு நோயில்பூசுதல் அளித்தேன். அவர் தெளிவாக இருந்தார், என் கை குளிர்ந்திருப்பதாகக் குறைகூடச் சொன்னார். வாசகம் வரவேண்டிய இடத்தில் நான் புத்தகத்தை அவர் மனைவியிடம் கொடுத்தேன். அவர் வாசித்தார். எவால்ட் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். இந்த அம்மையார் வாசிக்கக் கூடாது என்ற உத்தரவு அந்த வீட்டுக்குள்ளும் செல்லுமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கோயிலிலும் அப்படிக் கேட்கத் தேவையில்லாதபடி மேதகு ஆயர் அவர்கள் விரைந்து அருள வேண்டும்.

23.03.2026
(ஒப்பம்)
கெரியோன் லெண்டர்ஸ், பங்குத்தந்தை